நான்கு சாலமோன் அத்தாஸ்கள்

பலோம்பா அந்த ஐம்பத்தைந்து பேரையும் ஒரே மதியத்தில் நீக்கிவிட்டாள். யாரும் அவளை நீக்கச் சொல்லவில்லை.

அது பிப்ரவரியில் நடந்தது. அவளுக்கு வேலை கிரேக்க நாட்டு ஊர் ஒன்றின் நீர்வாரியப் பரிசோதனைக் கூடத்தில். யூத சமூகத்தின் பெயர்ப் பட்டியலைப் பார்த்துக்கொள்வதும் அவள் பொறுப்புதான். முப்பத்தெட்டுப் பேர் மட்டுமே இருக்கிற சமூகத்தில் ஆளுக்கொரு பொறுப்பு எப்படியும் வந்து சேர்ந்துவிடும். பட்டியலில் இருநூற்றுத் தொண்ணூற்றாறு பெயர்கள். 1944 மார்ச்சில் இந்த ஊர் ரயில் நிலையத்தில் நாஜிகளால் ரயிலேற்றப்பட்டுத் திரும்பி வராதவர்கள். வருடா வருடம் மார்ச் மாதக் கடைசி ஞாயிறன்று மேல்நிலைப் பள்ளி மாணவர்கள் அதே நடைமேடையில் நின்று ஆளுக்கொரு பெயராக வாசிப்பார்கள். அட்டையில் பெயர் அச்சடித்துக் கொடுப்பது பலோம்பா. நடைமேடையிலுள்ள நினைவுக் கல்லில் யாராவது நாஜிச் சின்னம் வரைந்துவிட்டுப் போனால் அதைத் துடைப்பதும் அவள்தான். பளிங்கை அரிக்காத கரைப்பான் எது என்று அவளுக்குத்தான் தெரியும்.

உள்ளூர் வானொலியில் காலை நிகழ்ச்சி நடத்தும் ஸ்டாமோஸ் வர்தூலிஸ் அந்தப் பட்டியலைக் கையில் எடுத்ததுதான் தொடக்கம். அவன் கத்துகிறவன் அல்ல. சிரித்துக்கொண்டே பேசுவான்.

"நான் ஒண்ணும் சொல்லலைங்க. அவங்க பட்டியலை நீங்களே எடுத்துப் பாருங்க. சாலமோன் அத்தாஸ். அதுக்குக் கீழ சாலமோன் அத்தாஸ். அதுக்குக் கீழயும் அவரேதான். மொத்தம் நாலு. ஒரே ஆளை நாலு தடவை கொன்னிருக்காங்க போல."

பலோம்பா பேருந்தில் இருந்தாள். ஓட்டுநர்தான் வானொலியை வைத்திருந்தார். பின்னால் யாரோ மூக்கால் சிரித்தார்கள். அவள் தன் நிறுத்தத்துக்கு முன்பே இறங்கி நடந்தாள்.

அலுவலகம் போனதும் பட்டியலைத் திறந்தாள். அகரவரிசையில் இருந்தது. அவன் சொன்னது போலவே நாலு சாலமோன் அத்தாஸ் ஒருவர் கீழ் ஒருவராக இருந்தார்கள். இன்னும் பார்த்தாள். மூன்று ரேய்னா சர்ஃபாத்தி. இரண்டு துதூன் கால்தெரோன். தகப்பன் பெயரோ வயதோ எதுவும் இல்லை, வெறும் பெயரும் குடும்பப் பெயரும்தான். காது சூடாகிவிட்டது. வேலையில் ஒரே தண்ணீர் மாதிரியை இரண்டு முறை பதிவு செய்தால் மேலதிகாரி கேட்கும் கேள்விதான் அவள் மனதில் ஓடியது. அவசரப்படவில்லை. ஒவ்வொன்றாகச் சரிபார்த்துத்தான் நீக்கினாள். மாலைக்குள் இருநூற்று நாற்பத்தொன்று ஆகிவிட்டது. சமூகத் தலைவர் பெப்போ கால்தெரோனுக்கு அனுப்பினாள். இனி எவனும் வாயைத் திறக்க முடியாது என்று அவர் பதில் எழுதினார். புதிய பட்டியல் இணையதளத்தில் ஏறியது. அட்டைகள் அச்சாகிப் பள்ளிக்குப் போயின.

வாசிப்புக்கு நான்கு நாள் முன்பு, புதன்கிழமை, வர்தூலிஸ் வாயைத் திறந்தான்.

"நல்ல செய்தி நேயர்களே. ஐம்பத்தஞ்சு பேர் உயிரோட எழுந்து வந்துட்டாங்க. அவங்களே ஒத்துக்கிட்டாங்க. அடுத்த வருஷம் இன்னும் கொஞ்சம் பேர் எழுந்திருப்பாங்க, பொறுமையா இருப்போம்."

இந்த முறை அவள் வீட்டுச் சமையலறையில் இருந்தாள். காப்பி பொங்கி அடுப்பில் வழிந்தது. துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தாள்.

பதினொரு மணிக்குப் பரிசோதனைக் கூடத்தில் கைபேசி அடித்தது. இஸ்ரேலில் ஹைஃபாவிலிருந்து ஒரு பெண். கிரேக்கம் பேசினாள், ஆனால் ஐம்பது வருடத்துக்கு முந்தைய கிரேக்கம்.

"பட்டியலைத் திருத்தினது நீதானாம்மா?"

ஆமாம் என்றாள் பலோம்பா.

"என் பேர் ஃபோர்துனா. சாலமோன் அத்தாஸோட பொண்ணு. போன சாலமோன் இல்ல. திரும்பி வந்த சாலமோன். மலைக்கு ஓடிப்போய்த் தப்பிச்சவர்."

பலோம்பா நாற்காலியில் உட்கார்ந்தாள்.

ஃபோர்துனா நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். அவளுடைய கொள்ளுத்தாத்தா சாலமோன் அத்தாஸ் கயிற்றுக் கடை வைத்திருந்தவர். அவருக்கு ஐந்து மகன்கள். ஐந்து பேரும் தங்கள் மூத்த பையனுக்கு அவர் பெயரைத்தான் வைத்தார்கள். வைக்காவிட்டால் கிழவர் வீட்டுப் படி ஏறவிட மாட்டார். வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டில் அவர் சாலமோன் என்று கூப்பிட்டால் ஐந்து தலை நிமிரும். அதனால் ஆளுக்கொரு பட்டப்பெயர். ஐஸ்கிடங்கு சாலமோன், நெட்டை சாலமோன், அரைப்பல் சாலமோன், வாத்துக்குப் பயந்த சாலமோன். அவளுடைய அப்பா இடதுகை சாலமோன்.

"அப்பா ஒவ்வொரு வருஷமும் அந்த நாள்ல நாலு விளக்கு ஏத்துவார். ஒரே விளக்குல ஏன் முடிக்கக் கூடாதுன்னு அம்மா கேப்பாங்க. அவங்க நாலு பேரும் ஒரே கட்டில்ல படுத்தாலே சண்டை போடுவானுங்க, ஒரே விளக்குல எப்படி இருப்பானுங்கம்பார். இப்ப நான் ஏத்துறேன். நீ அதுல மூணை ஊதி அணைச்சுட்டேம்மா."

பலோம்பா மன்னிப்புக் கேட்டாள். அது அவள் காதுக்கே கேட்கவில்லை.  ஃபோர்துனா, நீ அத்தாஸ் வீட்டோடு நிறுத்தினாயா, மற்ற வீடுகளையும் இப்படித்தான் செய்தாயா என்று கேட்டாள். 

அன்று மதியம் பலோம்பா ஒரே குடுவையை மூன்று முறை கழுவினாள். ஏதென்ஸில் அவளுடைய பெரியப்பா மகள் இருக்கிறாள். அவள் பெயரும் பலோம்பா மெவோராக். இருவருக்கும் ஒரே பாட்டியின் பெயர். அந்தப் பலோம்பாவின் பல் மருத்துவர் அனுப்பும் நினைவூட்டல்கள் பல வருடமாக இந்தப் பலோம்பாவின் கைபேசிக்குத்தான் வருகின்றன. வீட்டில் இவள் சின்ன பலோம்பா. இதெல்லாம் தெரியாமலா இருந்தது? பிறந்ததிலிருந்து தெரியும். ஆனால் அந்த மதியம் பட்டியலைப் பார்த்தபோது அவள் தன் வீட்டுக் கண்ணால் பார்க்கவில்லை. பேருந்தில் மூக்கால் சிரித்தவரின் கண்ணால் பார்த்திருக்கிறாள்.

பெப்போ கால்தெரோனுக்குத் திரைச்சீலைக் கடை. அவள் போனபோது ஒரு வாடிக்கையாளருக்கு மஞ்சள் துணியை அளந்துகொண்டிருந்தார். அந்த அம்மாள் போகும்வரை பலோம்பா உட்காராமல் துணிச்சுருள்களுக்கு நடுவில் நடந்துகொண்டே இருந்தாள்.

"தரை தேஞ்சுடும். சொல்லு," என்றார் பெப்போ.

சொன்னாள். அவர் கத்தரிக்கோலை மேசையில் வைத்தார். 

அகரவரிசை போட்டது அவர்தான். 1985இல். அதற்கு முன்பு பட்டியல் என்று தனியாக ஒன்று இல்லை. ஒரு பள்ளி நோட்டுப் புத்தகம்தான் இருந்தது. 1945 இலையுதிர்காலத்தில் திரும்பி வந்த பதினொரு பேர் ஜெப ஆலயத்தின் பக்கத்து அறையில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு நினைவிலேயே ஊருக்குள் தெருத்தெருவாக நடந்து, வீடு வீடாக எழுதியது. முதல் முறை நகராட்சி பட்டியல் கேட்டபோது தேடுவதற்கு வசதியாக இருக்கட்டும் என்று பெப்போ அதை அகரவரிசையில் தட்டச்சு செய்து கொடுத்தார். தெருவும் வீடும் அதில் போய்விட்டன.

"நான் வீட்டை இடிச்சேன். நீ ஆளை எடுத்துட்ட," என்றார். பிறகு, "ஞாயித்துக்கிழமை முடியட்டும். அடுத்த வருஷம் சத்தமில்லாம சரி பண்ணிக்கலாம்."

ஞாயிறன்றே சரிசெய்ய வேண்டும் என்றாள் பலோம்பா.

அவருக்குக் கோபம் வந்தது. இருநூற்றுத் தொண்ணூற்றாறு என்று சொன்னோம், பிறகு இருநூற்று நாற்பத்தொன்று என்றோம், இப்போது மறுபடியும் ஏறிவிட்டது என்று போய் நின்றால் அந்த வானொலிக்காரனுக்கு ஒரு வருடத்துக்குத் தீனி. மேயர் வருகிறார். மேயரைக் கூட்டிவர அவர் எத்தனை முறை நகராட்சிப் படி ஏறினார் என்று இவளுக்குத் தெரியுமா? அவர் நிறையச் சொன்னார்.  பேசத் தெரிந்த பெண்ணாக இருந்தால் வாதாடியிருப்பாள். பலோம்பா நின்றுகொண்டே இருந்தாள்.

"நீ தண்ணியில கிருமி எண்ணிட்டு இருந்திருக்கலாம்," என்றபடி அவர் சாவிக்கொத்தைத் துழாவி, நோட்டு இருக்கும் ஜெப ஆலயத்து இரும்புப் பெட்டியின் சாவியைக் கழற்றிக் கொடுத்தார். "முதல்ல போய்ப் பாரு. நிஜமாவே எல்லாரும் தனித்தனி ஆளுதானான்னு பாரு. அப்புறம் பேசலாம்."

வியாழக்கிழமை விடுப்பு எடுத்தாள். வாசலில் இருந்த காவலர் பையைப் பார்த்துவிட்டு உள்ளே விட்டார். பக்கத்து அறை குளிர்ந்து கிடந்தது. கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்தாள்.

நோட்டில் மூன்று பேரின் கையெழுத்து இருந்தது. கயிற்றுக்காரர் தெரு, நான்காம் வீடு. இசாக் அத்தாஸ், மனைவி ஜோயா, சாலமோன், மிரு, ஆபிராம். அதே தெரு, ஏழாம் வீடு. தாவித் அத்தாஸ், மனைவி பீனா, சாலமோன். ஆற்றங்கரைத் தெருவில் இன்னொரு அத்தாஸ் வீடு, இன்னொரு சாலமோன். சந்தைக்குப் பின்னால் மற்றொரு வீடு. அங்கே சாலமோனுக்குக் கீழே இரட்டைக் குழந்தைகள், பெயர் ஞாபகமில்லை என்று யாரோ எழுதி, வேறொருவர் கையெழுத்தில் பெயர்கள் பின்னால் சேர்க்கப்பட்டிருந்தன.

பலோம்பா ஐம்பத்தைந்து பெயரையும் ஒவ்வொன்றாகத் தேடினாள். தாய் தகப்பனுக்குக் கீழே எழுதப்பட்டிருந்தால் அது தனி ஆள். அதுதான் அவள் வைத்துக்கொண்ட விதி. மதியம் இரண்டு மணிக்கு ஐம்பத்திரண்டு பேருக்குத் தாய் தகப்பன் கிடைத்துவிட்டார்கள். மூன்று பேருக்குக் கிடைக்கவில்லை. துதூன் கால்தெரோன், லெயோன் சர்ஃபாத்தி, ஹைம் நெக்ரின். இந்த மூன்று பெயர்களும் ஒரு முறை பெற்றோருடைய வீட்டில் இருந்தன. இன்னொரு முறை ஓர் உறவினர் வீட்டில் தனியாக இருந்தன. அத்தை வீட்டில் தங்கி வேலை கற்றுக்கொண்ட அதே பிள்ளையை, இரண்டு வீட்டிலும் நினைத்துப் பார்த்து இரண்டு முறை எழுதியிருக்கலாம். பெற்றோர் இல்லாத வேறொரு பிள்ளையாகவும் இருக்கலாம். எழுதிய பதினொரு பேரில் ஒருவர்கூட இப்போது இல்லை.

பக்கங்களை மறுபடியும் முதலிலிருந்து புரட்டினாள். எழுந்து ஜன்னலருகே போனாள். மறுபடியும் உட்கார்ந்து அந்த மூன்று வரிகளையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள். மையைத் தவிர எதுவும் தெரியவில்லை.

சாயங்காலம் பெப்போ வந்தார். ஐம்பத்திரண்டு என்றதும் தொப்பியைக் கழற்றி மறுபடியும் வைத்துக்கொண்டார். மூன்று என்றதும் நோட்டை வாங்கி, துதூன் கால்தெரோன் என்ற வரியின் மேல் விரலை வைத்தார்.

"எங்கப்பா துதூன் துதூன்னு சொல்வார். பெரியப்பா மகளாம். நல்லாப் பாடுவாளாம். அவளுக்குப் பாட்டே வராதுன்னும் ஒரு தடவை சொன்னார். வயசாயிடுச்சு, மாத்திச் சொல்றார்னு நெனச்சேன்." நோட்டை மூடினார். "ரெண்டு பேரைப் பத்திச் சொன்னாரோ என்னவோ."

ஐம்பத்திரண்டு பேரையும் சேர்க்க ஒத்துக்கொண்டார். அந்த மூன்று வேண்டாம் என்றார். சந்தேகம் என்று ஒரு வார்த்தை நம் வாயிலிருந்து வந்தால், வர்தூலிஸ் மற்ற அத்தனை பேரையும் விட்டுவிட்டு அதை மட்டும்தான் பிடித்துக்கொள்வான். பலோம்பாவுக்கும் அது தெரியும். சரியென்று தலையாட்டினாள். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்தத் தலையாட்டலைத் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

வெள்ளிக்கிழமை பள்ளியில் அவளுக்கு ஒரு பாடவேளை கொடுத்திருந்தார்கள். வழக்கமாக வரலாற்று ஆசிரியை ஆர்கிரோதான் பேசுவாள். பலோம்பா அட்டைகளை மட்டும் கொடுத்துவிட்டு வந்துவிடுவாள். இந்த முறை தானே பேசுவதாகச் சொன்னாள். ஆர்கிரோ ஆச்சரியப்பட்டு ஒதுங்கி உட்கார்ந்தாள்.

கலையரங்கில் இருநூறு பேருக்கு மேல் இருந்தார்கள். பலோம்பா தரையைப் பார்த்தே பேசினாள். பட்டியலில் தவறு நடந்துவிட்டது, செய்தது நான்தான் என்றாள். அத்தாஸ் வீட்டுக் கதையைச் சொன்னாள். வாத்துக்குப் பயந்த சாலமோன் என்றபோது சிலர் சிரித்தார்கள். அது வேறு சிரிப்பு. அவள் நிமிர்ந்தாள்.

மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு பெண் கை தூக்கினாள்.

"டீச்சர், எங்க வீட்லயும் அப்படித்தான். நானும் எங்க சித்தப்பா பொண்ணும் ரெண்டு பேருமே வாசிலிகி மானூ. அவ இதே வகுப்புதான். அதோ உக்காந்திருக்கா."

அரங்கம் முழுக்கப் பேச்சு கிளம்பியது. தாத்தா, பாட்டி பெயர் உள்ளவர்கள் கை தூக்கச் சொன்னாள் ஆர்கிரோ. பாதிக்கு மேல் தூக்கினார்கள். ஆர்கிரோவும் தூக்கினாள். அவளுக்குப் பாட்டியின் பெயர். ஒரு பையன் எழுந்து, அந்த வானொலிக்காரர் பெயரிலேயே ஊரில் இரண்டு பேர் உண்டு, இன்னொரு ஸ்டாமோஸ் வர்தூலிஸ் டயர் கடை வைத்திருக்கிறார், அவருடைய பெரியப்பா மகன்தான் என்றான். கடிதமெல்லாம் மாறிப் போகும், தபால்காரருக்கே தலைவலி என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

பலோம்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை.  அப்படியானால் வர்தூலிஸுக்கு இந்த வழக்கம் தெரியும். சிரித்துக்கொண்டே அந்த நாலு பெயரை வாசித்த காலையிலும் தெரியும். இந்த ஊரில் அதைக் கேட்ட ஒவ்வொருவருக்கும் தெரியும். பேருந்து ஓட்டுநருக்கும் தெரியும். அதை நம்பியவள் அவள் ஒருத்திதான்.

"டீச்சர்," என்றாள் முதலில் எழுந்த வாசிலிகி. "உங்க ஆளுங்க விஷயம் உங்களுக்கே எப்படித் தெரியாமப் போச்சு?"

ஆர்கிரோ அவளை உட்காரச் சொன்னாள். பலோம்பா வேண்டாம் என்று கை காட்டினாள். யோசித்துப் பார்த்தாள்.

"தெரிஞ்சுதான் இருந்தது. அவன் சிரிச்சதும் மறந்துபோச்சு."

 அந்தப் பெண் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மீதி நேரம் முழுக்க அட்டைகளைத் தரையில் பரப்பி வீடு வீடாகப் பிரித்தார்கள். பலோம்பா நோட்டிலிருந்து எடுத்த நகலை வைத்துக்கொண்டு தெருப் பெயரைச் சொன்னாள். விட்டுப்போன ஐம்பத்திரண்டு பெயர்களையும் வாசிலிகிகள் இருவரும் கையால் எழுதினார்கள். அந்த மூன்று பெயர்களையும் பலோம்பா யாரிடமும் கொடுக்கவில்லை. தானே எழுதிக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை அவளால் எங்கேயும் உட்கார முடியவில்லை. ஜெப ஆலயப் பிரார்த்தனையின்போது ஆறு முறை வெளியே போய் வந்தாள். ஒரு பரிசோதனை முடிவு சந்தேகமாக இருந்தால் அதை மறைத்துவிட்டு மற்றதை மட்டும் அனுப்பினால் அவளுக்கு வேலை போய்விடும். சந்தேகம் என்று எழுதித்தான் அனுப்ப வேண்டும். ஆனால் தண்ணீர் மாதிரியைப் பார்த்து யாரும் வானொலியில் சிரிப்பதில்லை. அந்த மூன்று பேரும் நிஜமாகவே தனி ஆட்களாக இருந்தால், இந்த முறை அவர்களை நீக்குவது தெரிந்தே செய்வதாகும்.

ஞாயிறு காலை நடைமேடையில் காற்று அடித்தது. மாணவர்கள் வகுப்புவாரியாக நிற்கவில்லை. வீடு வீடாகச் சின்னச் சின்னக் கூட்டமாக நின்றார்கள். சிலர் கையில் இரண்டு அட்டை. மேயர் வந்துவிட்டார். வர்தூலிஸும் வந்திருந்தான், கம்பளிச் சட்டையும் நல்ல காலணியுமாக, கைபேசியைத் தூக்கிப் பிடித்தபடி. பக்கத்தில் இருந்தவர்களுக்கு மரியாதையாகத் தலையசைத்தான்.

பெப்போ பலோம்பாவின் கையைப் பார்த்தார். அது கோட்டுப் பைக்குள் இருந்தது.

"மூணையும் படிக்கப் போறியா?"

"ஆமா மாமா."

"தெரியாதுன்னு சொல்லியா?"

"சொல்லித்தான்."

"அவன் படம் பிடிக்கிறான்."

"பாத்தேன்."

அவர் மேயர் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

வாசிப்பு தொடங்கியது. கயிற்றுக்காரர் தெரு, நான்காம் வீடு. இசாக் அத்தாஸ். ஜோயா அத்தாஸ். சாலமோன் அத்தாஸ். மிரு அத்தாஸ். ஆபிராம் அத்தாஸ். ஏழாம் வீட்டில் அடுத்த சாலமோன் வந்தபோது கூட்டத்தில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவன் அப்பா அம்மாவுக்கு நடுவில் நின்றான். ஆற்றங்கரைத் தெருவில் மூன்றாமவன் வந்தான். சந்தைக்குப் பின்னால் நான்காமவன், இரட்டைக் குழந்தைகளோடு. முக்கால் மணி நேரம் ஆயிற்று. லாரிஸா நகருக்குப் போகும் ரயில் ஒன்று நிற்காமல் கடந்து போனது. அது போகும்வரை எல்லோரும் நிறுத்திக் காத்திருந்தார்கள்.

கடைசி வீடும் முடிந்தது. பெப்போ பிரார்த்தனைக்காகப் புத்தகத்தைத் திறந்தார். பலோம்பா முன்னால் வந்தாள். இத்தனை பேருக்கு முன்னால் அவள் நின்றதே இல்லை. அட்டைகளை எடுக்கும்போது ஒன்று கீழே விழுந்தது. குனிந்து எடுத்தாள்.

"இன்னும் மூன்று பெயர்கள் இருக்கின்றன," என்றாள். குரல் மெல்லியதாக இருந்தது. பின்னால் கேட்கவில்லை என்று யாரோ சொன்னார்கள். கொஞ்சம் உரக்கச் சொன்னாள். "இவை நோட்டில் இரண்டு முறை இருக்கின்றன. இவர்கள் ஏற்கனவே வாசித்தவர்கள்தானா, வேறு மூன்று பேரா என்று எனக்குத் தெரியவில்லை. சொல்லக்கூடியவர்களும் யாரும் இல்லை. அதனால் வாசிக்கிறேன்."

வர்தூலிஸ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வேகமாக முன்னால் வந்தான்.  கைபேசியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினான்.

அவன் அதைச் சரியாகப் பிடிக்கும்வரை பலோம்பா காத்திருந்தாள். பிறகு அதைப் பார்த்தே வாசித்தாள்.

"துதூன் கால்தெரோன்."